ரூபி பிரிட்ஜஸ்: ஒரே ஒரு மாணவி படித்த முதல் வகுப்பு

கேள்வி இதுதான்: "வெள்ளை கவுன் போட்ட கறுப்பினச் சிறுமி ஒருத்தி, முன்னும் பின்னும் அதிகாரிகள் காவலாக வர, பள்ளிக்கு நடந்து போகும் ஓவியத்தைப் பார்த்தேன். உண்மைச் சம்பவம் என்கிறார்கள். ஆறு வயதுக் குழந்தைக்கு அங்கே நடந்தது எவ்வளவு புரிந்திருக்கும்? அவளை அது எப்படிப் பாதித்தது?"

சுருக்கமான பதில்: முதல் நாள் அவளுக்கு ஏறக்குறைய எதுவுமே புரியவில்லை. புரியாததால்தான் அந்தக் கூட்டத்தைக் கடந்து அப்படி நடக்க முடிந்தது. தெருவில் கத்தியவர்களைவிட அவளை அதிகம் வாட்டியது, உள்ளே விளையாட ஒரு பிள்ளைகூட இல்லாத பள்ளிக்கூடம். அவசரமாக விடை வேண்டியவர்களுக்கு இது போதும். மற்றவர்களுக்கு விரிவாகவே சொல்கிறேன்.

ஓவியத்திலிருந்து தொடங்கலாம். நார்மன் ராக்வெல் வரைந்தது. 1964 ஜனவரி 14 தேதியிட்ட 'லுக்' பத்திரிகையில் வெளியானது. அதில் அதிகாரிகளுக்குத் தலையே கிடையாது. தோளுக்கு மேல் வெட்டப்பட்டிருக்கும். சிறுமியின் உயரத்திலிருந்து பார்த்தால் எப்படித் தெரியுமோ அப்படி வரைந்திருக்கிறார். பின்னால் சுவரில் ஒரு வசைச்சொல், எறிந்த தக்காளியின் கறை. ஒபாமா அதிபராக இருந்தபோது 2011-ல் இந்த ஓவியத்தைச் சில மாதங்கள் வெள்ளை மாளிகையில் மாட்டியிருந்தார்கள். அந்தச் சிறுமியே, ஐம்பது வயதைத் தாண்டிய பெண்மணியாக, அங்கே போய் அதிபரோடு நின்று பார்த்தார். நல்ல ஓவியம்தான், மறுக்கவில்லை. என் குறை ஒன்றே ஒன்று: அது பள்ளிக்குப் போகும் வழியோடு நின்றுவிடுகிறது. அவளுடைய கதையில் பெரும்பகுதி கதவுக்கு உள்ளே நடந்தது.

அவள் பெயர் ரூபி பிரிட்ஜஸ். 1954 செப்டம்பரில் மிசிசிப்பி மாநிலத்தில் டைலர்டவுன் என்ற சிற்றூரில் பிறந்தாள். அதே ஆண்டு மே 17 அன்றுதான் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 'பிரவுன்' வழக்கில், நிறத்தின்படி பிள்ளைகளைத் தனித்தனிப் பள்ளிகளில் பிரித்து வைப்பது அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்திருந்தது. அதாவது, அவள் பிறக்கும்போதே சட்டம் அவள் பக்கம் வந்தாகிவிட்டது. அந்தச் சட்டம் அவள் படிக்க வேண்டிய பள்ளியின் வாசலுக்கு வந்து சேர ஆறு ஆண்டுகள் ஆயின. 1955-ல் வந்த இரண்டாவது தீர்ப்பு கெடு எதுவும் விதிக்காமல் 'உரிய வேகத்தில்' செய்யுங்கள் என்கிற மாதிரிச் சொல்லிவிட, தென் மாநிலங்கள் அந்த வேகத்தைத் தங்கள் இஷ்டத்துக்கு வைத்துக்கொண்டன.

பெற்றோர் ஏபன், லூசில் இருவரும் அடுத்தவர் நிலத்தில், விளைச்சலில் பங்கு கொடுக்கும் வாரத்துக்கு விவசாயம் செய்த குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். ரூபிக்கு நான்கு வயதானபோது பிழைப்புத் தேடி லூசியானாவின் நியூ ஆர்லியன்ஸ் நகரத்துக்கு வந்தார்கள். அப்பாவுக்குப் பெட்ரோல் பங்கில் வேலை. வீட்டில் மூத்த பிள்ளை ரூபி. பாலர் வகுப்பைக் கறுப்பினப் பிள்ளைகளுக்கான பள்ளியில் படித்தாள். அது வீட்டிலிருந்து தூரம். வெள்ளையர் பள்ளியோ பக்கத்திலேயே இருந்தது.

நகரத்தில் 1952-லிருந்தே வழக்கு நடந்துகொண்டிருந்தது. கறுப்பினப் பெற்றோர்களுக்காக வாதாடியவர் ஏ. பி. டுரோ என்ற வழக்கறிஞர். கூட்டாட்சி நீதிபதி ஜே. ஸ்கெல்லி ரைட் கடைசியில் தானே தேதி குறித்து உத்தரவு போட்டார்: 1960-ல் முதல் வகுப்பில் தொடங்கி, ஆண்டுக்கு ஒரு வகுப்பாகப் பள்ளிகளைத் திறந்துவிட வேண்டும். மாநில அரசு சும்மா இருக்கவில்லை. சட்டமன்றத்தின் சிறப்புக் கூட்டத்தைக் கூட்டிச் சட்டத்துக்கு மேல் சட்டமாகப் போட்டது. நீதிமன்றம் ஒவ்வொன்றாக அடித்துப் போட்டது. பிள்ளைகள் போக வேண்டிய நவம்பர் 14-ஆம் தேதியைப் பள்ளி விடுமுறை என்றுகூட அறிவித்துப் பார்த்தார்கள். அதுவும் செல்லவில்லை.

இன்னொரு தந்திரம் நுழைவுத் தேர்வு. வெள்ளையர் பள்ளியில் இடம் கேட்டு விண்ணப்பித்த கறுப்பினக் குழந்தைகள் நூற்றுக்கும் மேல். ஆறு வயதுப் பிள்ளைகள் தோற்க வேண்டும் என்றே தயாரிக்கப்பட்ட தேர்வு அது என்று ரூபி பின்னாளில் எழுதியிருக்கிறார். எல்லா வடிகட்டலும் முடிந்து, கடைசியில் பள்ளிக்குப் போனது நான்கு சிறுமிகள். நால்வருக்கும் வயது ஆறு. மூன்று பேர் மெக்டோனா 19 என்ற பள்ளிக்கு. ரூபி மட்டும் தனியாக வில்லியம் ஃபிரான்ட்ஸ் தொடக்கப் பள்ளிக்கு.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அந்தக் கூட்டம் தானாக முளைத்தது போலப் பலரும் எழுதுகிறார்கள். இரண்டு பள்ளிகளும் 'ஒன்பதாவது வார்டு' எனப்படும் ஏழைத் தொழிலாளர் பகுதியில் இருந்தன. நகரின் வசதியான பகுதியில் இரண்டு பள்ளிகளின் பெற்றோர் சங்கங்கள், எங்கள் பள்ளியில் தொடங்குங்கள், நாங்கள் ஒத்துழைக்கிறோம் என்று முன்வந்திருந்தன. பள்ளி வாரியம் அதைக் காதில் வாங்கவில்லை. ஏழை வெள்ளையர்களின் தெருவில் கொண்டுபோய் வைத்தது. கோபம் கொதிக்கும் என்று தெரிந்த இடத்துக்கே அந்த நான்கு பிள்ளைகளையும் அனுப்பினார்கள் என்பதே என் கருத்து.

சரி, இப்போது குழந்தையின் பக்கத்துக்கு வருவோம்.

தேர்வில் பாஸானதும் அக்கம்பக்கத்தார் ஆளாளுக்கு வந்து ரூபியைப் பாராட்டினார்கள். இவ்வளவு கெட்டிக்காரியாக இருந்தால் நேரே காலேஜுக்கே போய்விடலாம் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். ரூபி அதை அப்படியே நம்பிவிட்டாள். திங்கட்கிழமை காலையில் நான்கு மார்ஷல்கள் காரோடு வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். கூட்டாட்சி அரசின் சட்டக் காவலர்கள் அவர்கள். புது உடுப்பு போட்டு, தலையில் ரிப்பன் கட்டி, அம்மாவோடு காரில் ஏறினாள். வெளியே நிறையப் பேர் இருக்கலாம், பயப்படாதே என்று மட்டும் அம்மா சொல்லியிருந்தார்.

பள்ளியைச் சுற்றிலும் ஜனங்கள், தடுப்புகள், குதிரைப் போலீஸ், ஒரே சத்தம். நியூ ஆர்லியன்ஸில் வளரும் பிள்ளைக்கு இப்படி ஒரு காட்சி ஏற்கெனவே தெரியும்: மார்டி கிரா. ஆண்டுதோறும் தெருவெல்லாம் ஊர்வலம் போகும், ஜனங்கள் கத்துவார்கள், எதையாவது வீசுவார்கள். ரூபி இதையும் அந்தத் திருவிழா என்றே நினைத்தாள். கட்டடத்தின் பெரிய படிக்கட்டைப் பார்த்ததும், ஆமாம், இது காலேஜேதான் என்று முடிவுகட்டினாள்.

அன்றைக்குப் பாடமே நடக்கவில்லை. அவளும் அம்மாவும் தலைமை ஆசிரியையின் அறையில் மாலைவரை உட்கார்ந்திருந்தார்கள். கண்ணாடி வழியே பார்த்தால், வெள்ளைப் பெற்றோர்கள் உள்ளே ஓடி வருவதும், தங்கள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு போவதும், போகும்போது இவர்களைச் சுட்டிக்காட்டிக் கத்துவதுமாக இருந்தது. மூன்று மணிக்கு வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். இந்தப் பள்ளி ரொம்பச் சுலபமாக இருக்கிறதே என்று ரூபி நினைத்துக்கொண்டாள்.

அந்த வயதின் மனதைக் காட்ட இன்னொரு விஷயம். கூட்டம் ஒரு கோஷம் போட்டுக்கொண்டே இருந்தது: இரண்டு, நான்கு, ஆறு, எட்டு என்று எண்ணி, 'எங்களுக்கு இந்தக் கலப்பு வேண்டாம்' என்று எதுகையோடு முடியும். நல்ல தாளம். ரூபி அதை வீட்டுக்குக் கொண்டுபோய்த் தோழிக்குச் சொல்லிக் கொடுத்தாள். இருவரும் சாயங்காலம் அதைப் பாடிக்கொண்டே கயிறு தாண்டி விளையாடினார்கள். அர்த்தம் இருவருக்கும் தெரியாது. தன்னைத் துரத்தப் போட்ட கோஷத்தை ஒரு குழந்தை விளையாட்டுப் பாட்டாக்கிக்கொண்டதைப் பற்றி எத்தனையோ பேர் எத்தனையோ தத்துவம் பேசியிருக்கிறார்கள். எனக்கு அதில் தெரிவது, ஆறு வயது என்றால் ஆறு வயதுதான் என்பது.

அவளோடு நடந்த மார்ஷல்களில் சார்ல்ஸ் பர்க்ஸ் என்பவர் பிற்காலத்தில், அந்தப் பெண் அழவே இல்லை, சின்னச் சிப்பாய் மாதிரி நடந்து வந்தாள் என்று பெருமையாக நினைவுகூர்ந்தார். அவர் சொன்னது உண்மைதான். ஆனால் வீரம் என்ற சொல்லை அவள்மேல் போர்த்துவதற்கு முன், அவள் எதைக் கண்டு பயந்தாள், எதைக் கண்டு பயப்படவில்லை என்று பார்க்க வேண்டும்.

அவள் நடுங்கியது ஒரு பொம்மையைப் பார்த்து. கூட்டத்தில் யாரோ சின்னச் சவப்பெட்டி ஒன்றில் கறுப்பு பொம்மையைக் கிடத்திக் கொண்டுவந்திருந்தார்கள். அது அவள் கனவில் வந்தது. பெட்டி இறக்கை முளைத்து அறைக்குள் பறந்து பறந்து சுற்றும். கத்தல், கோஷம், வசைகள் எல்லாம் பெரியவர்களின் மொழி. காதில் விழுந்தும் உள்ளே போகவில்லை. பொம்மையும் பெட்டியும் குழந்தைக்குத் தெரிந்த பொருள்கள். அவை உள்ளே போய்விட்டன.

அடுத்தது, சாப்பாடு. ஒரு பெண் தினமும் நின்று, உனக்கு விஷம் வைத்துவிடுவேன் என்று மிரட்டிக்கொண்டிருந்தாள். அதனால் வீட்டிலிருந்து கொண்டுவருவதைத் தவிர வேறெதையும் தின்னக் கூடாது என்று மார்ஷல்கள் கட்டளை போட்டார்கள். வீட்டிலும் ரூபிக்கு வேளாவேளைக்குச் சாப்பிடுவது குறைந்துபோனது. பாக்கெட் பிரிக்காத சிப்ஸ் மாதிரி தீனிகளை மட்டும் கேட்டாள். காரணத்தை யாரும் அவளிடம் விளக்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

இப்போது பள்ளியின் உள்ளே. இரண்டாம் நாள் அவளை வரவேற்றது பார்பரா ஹென்றி என்ற இளம் ஆசிரியை. பாஸ்டனிலிருந்து வந்தவர். அந்தப் பள்ளியில் ரூபிக்குப் பாடம் நடத்த ஒத்துக்கொண்டவர் அவர் ஒருவர்தான். அவரும் வெள்ளைக்காரர். வெளியே நின்று கத்தும் பெண்களைப் போலவே இருந்தார் என்பதுதான் ரூபிக்கு முதலில் தோன்றியது. அப்படி ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து பாடம் சொல்லித் தருவது அவளுக்குப் புது அனுபவம்.

அந்த வகுப்பை மனதில் கொண்டுவந்து பாருங்கள். வரிசை வரிசையாக மேசைகள். ஒரு மாணவி. ஒரு டீச்சர். இருவரும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து எழுத்து, கணக்கு எல்லாம் செய்தார்கள். பாட்டு நேரத்தில் இருவரும் பாடினார்கள். வெளியே விளையாட விட முடியாது என்பதால் உடற்பயிற்சியும் அறைக்குள்ளேயே. கழிவறைக்குப் போனாலும் மார்ஷல்கள் கூட வருவார்கள். அந்த ஆண்டு முழுவதும் இருவரும் ஒரு நாள்கூட லீவு போடவில்லை. ரூபிக்கு டீச்சர்மேல் அப்படி ஒரு பிரியம். பேச்சில்கூட அவருடைய பாஸ்டன் இழுவை ஒட்டிக்கொண்டது.

ஆனாலும் ஆறு வயதுக்கு டீச்சர் மட்டும் போதாதே. பள்ளியில் எங்கேயோ பிள்ளைகள் இருப்பதாக ரூபிக்குச் சந்தேகம். எப்போதாவது சத்தம் கேட்கும். உணவுக்கூடத்துக்குப் போனால் அவர்களைப் பார்க்கலாம் என்று ஆசை. அது நடக்கவில்லை என்றதும் மதியம் சாப்பிடுவதை நிறுத்தினாள். அம்மா கட்டிக் கொடுத்த சாண்ட்விச்சை வகுப்பு அலமாரிக்குள் ஒளித்தாள். பாலைப் பசை டப்பாவில் ஊற்றினாள். எலியும் கரப்பானும் வர ஆரம்பித்தபோதுதான் குட்டு வெளிப்பட்டது. பார்பரா ஹென்றி திட்டவில்லை. அன்றிலிருந்து மதியம் அவளோடு உட்கார்ந்து தானும் சாப்பிட்டார்.

அவள் சந்தேகம் சரிதான். கூட்டத்தைத் தாண்டிக்கொண்டு ஒருசில வெள்ளைப் பெற்றோரும் பிள்ளைகளை அனுப்பிக்கொண்டிருந்தார்கள். மெதடிஸ்ட் பாதிரியார் லாய்ட் ஃபோர்மன் தன் ஐந்து வயது மகளைக் கையில் பிடித்துக் கூட்டிவந்தார். டெய்சி கேப்ரியல் என்ற தாயும் தன் மகளோடு வசைகளுக்கு நடுவே நடந்தார். அவர் கணவருக்கு வேலை போயிற்று, குடும்பமே ஊரைவிட்டுப் போக வேண்டியதாயிற்று. அந்த நாள்களில் நகரத்துக்கு வந்து வேடிக்கை பார்த்த எழுத்தாளர் ஜான் ஸ்டைன்பெக், வாசலில் நின்ற பெண்கள் உண்மையில் என்ன பேசினார்கள் என்பதைப் பத்திரிகையும் தொலைக்காட்சியும் அமுக்கிவிட்டன, அச்சில் போட முடியாத அசிங்கம் அது என்று எழுதினார். அந்தப் பெண்களுக்குப் பத்திரிகைகள் வைத்த பெயர் 'சியர்லீடர்கள்', அதாவது விளையாட்டுப் போட்டியில் கோஷம் போட்டு உற்சாகப்படுத்துபவர்கள்.

பள்ளிக்குள்ளே வந்த அந்த வெள்ளைப் பிள்ளைகளை ரூபியின் கண்ணில் படாமல் வேறு அறையில் வைத்திருந்தார்கள். ஒரே பள்ளி, தனித்தனி அறை. நீதிமன்றம் ஒழிக்கச் சொன்னது கட்டடத்துக்குள் அப்படியே தொடர்ந்தது. பார்பரா ஹென்றி விடாமல் சண்டை போட்ட பிறகு, கல்வியாண்டின் கடைசிப் பகுதியில்தான் ரூபி அவர்களோடு சேர்ந்து உட்கார முடிந்தது.

அந்தச் சந்திப்பில்தான் அவளுக்கு எல்லாம் விளங்கியது. ஒரு சிறுவன், உன்னோடு விளையாடக் கூடாது என்று எங்கம்மா சொல்லியிருக்கிறார் என்றான். காரணமாக அவள் நிறத்தைக் குறிக்கும் வசைச்சொல்லையே சொன்னான். பையனிடம் கோபம் எதுவும் இல்லை. அம்மா சொன்னதைச் சொன்னான், அவ்வளவுதான். ரூபிக்கும் அவன்மேல் கோபம் வரவில்லை. என் அம்மா யாரோடும் விளையாடாதே என்று சொல்லியிருந்தால் நானும் அப்படித்தானே செய்திருப்பேன் என்று யோசித்ததாகப் பின்னாளில் சொன்னார். ஆனால் அந்த நொடியில் அவளுக்குப் புரிந்தது: தெருவில் கூட்டம், காலியான வகுப்பு, மார்ஷல்கள், எல்லாம் என்னால்தான், என் நிறத்தால்தான். மாதக்கணக்கில் கூட்டம் கத்தி விளங்காத விஷயத்தை ஒரு பொடியன் சாதாரணமாகப் பேசிய ஒரு வாக்கியம் விளக்கிவிட்டது. கேள்வியில் 'எவ்வளவு புரிந்திருக்கும்' என்றிருக்கிறது அல்லவா, புரிந்த நேரம் இதுதான்.

உளவியல் பக்கம் கேட்பவர்களுக்கு: இந்தக் குழந்தையைப் பற்றி நமக்கு இவ்வளவு தெரிவதற்கு ராபர்ட் கோல்ஸ் என்ற மனநல மருத்துவரும் ஒரு காரணம். விமானப்படைப் பணிக்காக மிசிசிப்பியில் இருந்தவர், அந்தக் கூட்டத்தை நேரில் பார்த்துவிட்டு, தானே முன்வந்து ரூபியின் வீட்டுக்குப் போய்ப் பேச ஆரம்பித்தார். கேள்வி கேட்டால் பதில் வராது. அதனால் வரையச் சொன்னார். வெள்ளையர்களை அவள் பெரிதாக, கை கால் விரல் எல்லாம் சரியாக வரைந்தாள். தன்னைப் போன்றவர்களைச் சின்னதாக, ஏதாவது ஒன்று குறைந்தவர்களாக வரைந்தாள். ஒரு படத்தில் கண் இருக்காது, இன்னொன்றில் காது இருக்காது. தன் உயரமே உள்ள வெள்ளைச் சிறுமி, படத்தில் பல மடங்கு உயரமாக நின்றாள். பழுப்பையும் கறுப்பையும் மாதக்கணக்கில் மண்ணுக்கு மட்டும்தான் பூசினாள், அந்த மண்ணின்மேலும் பச்சைப் புல்லை மூடிவிட்டாள்.

பள்ளியில் அழாத குழந்தை, வீட்டில் நன்றாகத் தூங்காத குழந்தை, படத்தில் தனக்கு ஒரு கண்ணைக் குறைத்துவிடும் குழந்தை. மூன்றும் ஒரே ரூபி. மார்ஷல் பார்த்தது முதல் ரூபியை மட்டும்.

கோல்ஸ் ஆச்சரியப்பட்ட இன்னொரு விஷயம் உண்டு. ஒரு நாள் ரூபி கூட்டத்தின் நடுவே நின்று ஏதோ முணுமுணுப்பதை ஜன்னலிலிருந்து டீச்சர் பார்த்தார். அவர்களிடம் என்ன பேசினாய் என்று கேட்டபோது, பேசவில்லை, அவர்களுக்காக ஜெபம் செய்தேன் என்றாள். தினமும் காரிலேயே செய்துவிடுவாளாம்; அன்றைக்கு மறந்துவிட்டாள். அம்மா சொல்லிக் கொடுத்த பழக்கம். இதை வைத்து அவளைப் புனிதையாக்கிப் பிரசங்கம் செய்பவர்கள் நிறைய. படுக்கும் முன் ஜெபம் செய்யச் சொன்னால் செய்கிற மாதிரி, இதையும் செய்தாள் என்று எடுத்துக்கொள்வதே அவளுக்கு நியாயமாக இருக்கும்.

இதெல்லாம் நடக்கும்போது குடும்பம் என்ன ஆனது? அப்பாவைப் பெட்ரோல் பங்கில் வேலையை விட்டு நிறுத்தினார்கள். வழக்கமாகச் சாமான் வாங்கும் கடையில் இனி வராதே என்றார்கள். மிசிசிப்பியில் தாத்தா பாட்டி வாரத்துக்கு உழுத நிலத்தைவிட்டு வெளியேற்றப்பட்டார்கள். ஆறு வயதுப் பேத்தி வேறு மாநிலத்தில் பள்ளிக்குப் போனதற்காக! அக்கம்பக்கத்தார் கைவிடவில்லை. ஒருவர் அப்பாவுக்கு வீடுகளுக்குப் பெயின்ட் அடிக்கும் வேலை கொடுத்தார். சிலர் காருக்குப் பின்னாலேயே பள்ளிவரை நடந்து போனார்கள். முன்பின் தெரியாதவர்கள் பணமும் துணிமணியும் அனுப்பினார்கள்.

வீட்டுக்குள்ளேயே ஆரம்பத்திலிருந்து ஒரு வாக்குவாதம் இருந்தது. அம்மாவுக்கு இந்தப் பள்ளி வேண்டும்; தனக்குக் கிடைக்காத படிப்பு பிள்ளைக்குக் கிடைக்க வேண்டும். அப்பா வேண்டாம் என்றார். அவர் கொரியப் போரில் சண்டை போட்டுவிட்டு வந்தவர். நாட்டுக்காகக் குண்டடி பட்டாலும் திரும்பி வந்தால் நம்மை நடத்துகிற விதம் மாறாது, பிள்ளையை அனுப்பியா மாறப்போகிறது என்பது அவர் வாதம். அம்மா வாதம் ஜெயித்தது. விலையை இருவரும் சேர்ந்து கொடுத்தார்கள்; ரூபி பன்னிரண்டு வயதை எட்டும்போது பெற்றோர் பிரிந்துவிட்டார்கள்.

இரண்டாம் வகுப்புக்குப் போன நாளைப் பற்றி யாரும் அதிகம் எழுதுவதில்லை. எனக்கு முதல் வகுப்பைவிட அது மனதைத் தைக்கிறது. கூட்டம் இல்லை, மார்ஷல் இல்லை. வகுப்பில் மேசைக்கு ஒரு பிள்ளை, கறுப்பும் வெள்ளையுமாக. போன ஆண்டு நடந்ததைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. பார்பரா ஹென்றி பாஸ்டனுக்கே திரும்பியிருந்தார். அவர் போனது ரூபிக்கு முன்கூட்டித் தெரியாது. புது டீச்சர் அவளுடைய பாஸ்டன் இழுவையைக் கிண்டல் செய்தார். ஆண்டு முழுக்க அவளுக்கு இருந்த ஒரே நட்பின் மிச்சம் அந்த உச்சரிப்புதான்.

இனி, ஓவியத்தில் இல்லாத மற்ற மூவர். லியோனா டேட், கெய்ல் எட்டியன், டெஸ்ஸி பிரவோஸ்ட். அதே நவம்பர் 14 காலை, சில மைல் தள்ளி மெக்டோனா 19 பள்ளிக்குள் நுழைந்தார்கள். சாயங்காலத்துக்குள் வெள்ளைப் பிள்ளைகள் எல்லாரும் வெளியேறினார்கள். பக்கத்து செயின்ட் பெர்னார்ட் மாவட்டம் அந்தப் பிள்ளைகளுக்குத் தன் பள்ளிகளைத் திறந்துவிட்டது. அதன்பின் ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு, பெரும்பாலும் இந்த மூன்று பேருக்கு மட்டுமே அந்தப் பெரிய கட்டடம். ஜன்னல்களில் பழுப்புக் காகிதம் ஒட்டியிருந்தது, வெளியிலிருந்து யாரும் பார்க்கக் கூடாதென்று. தண்ணீர்க் குழாய்களை அடைத்துவிட்டார்கள். முற்றத்தில் விளையாடக் கூடாது. மாடிப்படிக்கு அடியில் விளையாடிக்கொண்டார்கள்.

இவர்களுக்கும் ரூபிக்கும் ஒரு வித்தியாசம் உண்டு: மூன்று பேர் என்பதால் ஒருத்திக்கு ஒருத்தி இருந்தார்கள். பின்னாளில் தந்த பேட்டிகளில் அந்த நாள்களை ஓரளவு சந்தோஷமாகவே நினைவுகூர்ந்தார்கள். கொடுமை மூன்றாம் வகுப்பில்தான் வந்தது. செம்ஸ் என்ற வேறொரு வெள்ளையர் பள்ளிக்கு மாற்றினார்கள். அங்கே காவல் இல்லை. கேமரா இல்லை. நாடு பார்க்கவில்லை. பிள்ளைகள் அடித்தார்கள், உதைத்தார்கள், துப்பினார்கள். ஆசிரியர்கள் பார்த்தும் பாராமல் இருந்தார்கள். கூட்டமும் கேமராவும் இருந்த 1960-ஐவிட, எல்லாம் முடிந்துவிட்டது என்று ஊர் நினைத்த இந்தக் காலம் மோசம் என்பதே அவர்களின் வாக்குமூலம்.

மற்ற ஊர்களின் கதைகளைத் தொட்டுவிட்டுப் போகிறேன். ஆர்கன்சா மாநிலத்தின் லிட்டில் ராக் நகரில் 1957-ல் வெள்ளையர் பள்ளிக்குப் போன ஒன்பது கறுப்பின மாணவர்கள் பதின்ம வயதினர், என்ன செய்கிறோம் என்று தெரிந்து போனவர்கள். அவர்களுக்கு ராணுவமே காவலுக்கு வந்தது. அதே ஆண்டு வட கரோலினாவின் சார்லட் நகரில் டோரத்தி கவுன்ட்ஸ் என்ற 15 வயதுப் பெண் நான்கே நாளில் பள்ளியைவிட்டு நிற்க வேண்டியதாயிற்று. வர்ஜீனியாவின் பிரின்ஸ் எட்வர்ட் மாவட்டம் இன்னும் ஒருபடி மேலே போய், 1959 முதல் 1964 வரை அரசுப் பள்ளிகளையே மூடிவைத்தது. வெள்ளைப் பிள்ளைகளுக்குத் தனியார் பள்ளி ஏற்பாடாயிற்று. கறுப்பினப் பிள்ளைகளில் பலருக்கு அந்த ஐந்தாண்டுப் படிப்பு போனது போனதுதான். கூட்டமும் கல்லெறியும் இல்லாததால் அவர்களை யாரும் ஓவியமாக வரையவில்லை.

ரூபி உயர்நிலைப் பள்ளி முடித்து, பயண ஏற்பாட்டு நிறுவனத்தில் ஆண்டுக்கணக்கில் வேலை பார்த்தார், திருமணம் செய்துகொண்டார், நான்கு மகன்கள். பத்திரிகைப் படத்தின் சிறுமி அவர்தான் என்பது பலருக்கும் தெரியாமல் வாழ்ந்தார். 1993-ல் தம்பி சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு, தம்பியின் மகள்களைக் கவனித்துக்கொள்ளும் பொறுப்பு வந்தது. அந்தப் பெண்கள் படித்தது அதே வில்லியம் ஃபிரான்ட்ஸ் பள்ளி. ரூபி அங்கே தன்னார்வலராகப் போக ஆரம்பித்தார். அங்கிருந்துதான் பள்ளி பள்ளியாகப் போய்ப் பேசுகிற அவருடைய இன்றைய வாழ்க்கை தொடங்கியது. 1999-ல் தன் நினைவுகளை நூலாகவும் எழுதினார். இந்தப் பதிலில் உள்ள சாண்ட்விச், கயிறாட்டம் எல்லாம் அவர் வாயால் வந்தவை.

லியோனா டேட் பல ஆண்டு முயன்று மெக்டோனா 19 கட்டடத்தை மீட்டார். 2022-ல் மூவரின் பெயரையும் தாங்கிய மையமாக அது திறந்தது; கீழே கண்காட்சி, மேலே முதியோருக்கான குடியிருப்பு. டெஸ்ஸி பிரவோஸ்ட் 2024-ல் காலமானார்.

அந்தப் பள்ளிகள் இறுதியில் கலந்தனவா என்று அடுத்த கேள்வி வரும், இப்போதே சொல்லிவிடுகிறேன். கொஞ்ச காலம் கலந்தன. அப்புறம் வெள்ளைக் குடும்பங்கள் புறநகருக்கும் தனியார் பள்ளிகளுக்கும் போய்விட்டன. தம்பி மகள்களை விடப் போன ரூபி பார்த்தது, ஏறக்குறைய முழுக்கக் கறுப்பினப் பிள்ளைகளே படிக்கும், வசதிகள் தேய்ந்துபோன பள்ளியை. 2005-ல் கத்ரீனா புயல் வருவதற்கு முன் நியூ ஆர்லியன்ஸ் அரசுப் பள்ளிகளில் 90 சதவீதத்துக்கும் மேல் கறுப்பின மாணவர்கள்தான்.